வேர் போட மறந்த கட்டளை

நெடுங்கரையில் உறவுச்சொற்கள் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் காப்பிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில். மலையிலிருந்து இறங்கிய சாரல் ஊரைப் பேருக்கு நனைத்துவிட்டுக் கிழக்கே போயிருந்தது. சந்தையில் தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்த ஒருத்தர் "என்ன விலை சொல்லுதீங்க" வரைக்கும் வந்து, அதற்கு மேல் போட வேண்டிய "அண்ணாச்சி" வராமல் வாயைத் திறந்தபடி நின்றார். வியாபாரியும் "உங்களுக்குத் தெரியாததா" வரைக்கும் வந்து அதே இடத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க, அடுப்படியிலும் வயக்காட்டிலும் மினிபஸ்ஸிலும் பள்ளிக்கூடத்து வராந்தாவிலும், எல்லா வாயும் அதே மாதிரி பாதியில் நின்றன.

தொண்டை வலிக்கவில்லை, நாக்கு தடிக்கவில்லை, மற்ற சொல்லெல்லாம் சரளமாக வந்தது. அம்மா, அப்பா, அண்ணன், மதினி, கொழுந்தன், சம்பந்தி, ஒன்றுவிட்ட பெரியப்பா வரைக்கும் உறவு முறையில் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடும் சொற்கள் மட்டும் வரவில்லை. யாருக்கு யார் என்ன என்பது மனசுக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியவில்லை. எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தவர்களுக்குக் கை அந்த இடத்தில் சும்மா ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது. வேலை முடிந்து உட்கார்ந்தவர்கள் "அப்பாடா" சொல்லப் போய் "டா" என்று மட்டும் சொன்னார்கள். கல்லில் கால் இடித்துக்கொண்டவர்கள் பெற்றவளைக் கூப்பிட முடியாமல் காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பேச்சியம்மாள் பேச்சியானாள், கடைத்தெரு அய்யாத்துரை வெறும் துரையானார். மாடுகள் மட்டும் எப்போதும் போல "ம்மா" என்று கத்திக்கொண்டிருந்தன, மாட்டுக்கு ஏது ரேஷன் கார்டு.

ரேஷன் கார்டு இதில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆரம்பமே.

நெடுங்கரைத் தாலுகா வழங்கல் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பேர் முப்பிடாதி. தாலுகாவில் கார்டு வைத்திருக்கிற அத்தனை பேரும் அவள் மேஜையில் இருந்த மெஷினுக்குள் ஒரு டேட்டாபேஸில் இருந்தார்கள். அதில் பெரிய டேபிள் ஒன்றில் ஆட்கள், பேரும் வயசும் தெருவும் போட்டு. சின்ன டேபிள் ஒன்றில் உறவுச்சொற்கள் மட்டும். பெரிய டேபிளில் ஒவ்வொருத்தர் பேருக்கு நேராகவும் ஒரு கட்டம், அந்தக் கட்டத்தில் சின்ன டேபிளின் ஏதோ ஒரு வரியைக் கைகாட்டும் நம்பர். வெறும் பேராகக் கிடக்கிற ஜனங்களை அம்மாவாகவும் மகனாகவும் மருமகளாகவும் ஆக்கி வைத்திருந்தது அந்த நம்பர்தான், வேறொன்றும் இல்லை.

மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது. சின்ன டேபிளில் ஒரே சொல் இரண்டு தடவை இருக்கக் கூடாது, இருந்தால் ஒன்றை நீக்கிவிட வேண்டும், இனிமேல் இரண்டாவதை மெஷினே ஏற்றுக்கொள்ளாது. முப்பிடாதி மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாச் சொல்லும் ஒற்றையாக இருந்தது, "சித்தி" மட்டும் இரண்டாக இருந்தது. அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்திதான் என்று நம் ஜனங்கள் பேசி வைத்திருப்பதை, அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ நேர்மையாக இரண்டு வரியாகப் போட்டு வைத்திருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அவளே ஒரு சித்தி, கீழ் வரிச் சித்தி. லாரி ஓட்டுகிற சொரிமுத்துவுக்கு இரண்டாம் தாரமாக அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது மூத்தவள் பெற்ற பிள்ளை ஆவுடைப்ரியாவுக்குப் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு சித்தி இருந்தாள், செத்துப்போன தாயின் தங்கை வள்ளிமயில், அடுத்த தாலுகாவில் தையல் கடை வைத்திருப்பவள். அந்தச் சொல்லை ஆவுடை அவளுக்கே வைத்துக்கொண்டாள். முப்பிடாதிக்கு எதையும் தரவில்லை. "இந்தாங்க, பள்ளிக்கூடத்துல மீட்டிங்." "இந்தாங்க, உப்பு தீந்துட்டு." பிள்ளை மரியாதையில் குறை வைக்கவில்லை, சோறு போட்டால் சாப்பிட்டாள், தலை சீவிவிட்டால் உட்கார்ந்தாள். ஆனால் இத்தனை வருஷமாக முப்பிடாதியின் பேர் அந்த வீட்டில் "இந்தாங்க" என்பதுதான்.

ஆகவே அவள் கீழ் வரியை நீக்குவது என்று முடிவு பண்ணினாள். அதை எவள் உபயோகப்படுத்தினாள், இருந்து என்ன, போய் என்ன. அழி என்று எழுதினாள், எந்த டேபிள் என்று எழுதினாள். அதற்கப்புறம் இங்கிலீஷில் "வேர்" என்று போட்டு எந்த வரி என்று சொல்ல வேண்டும், அதுதான் கட்டளையின் முறை. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

"இந்தாங்க, நாளையிலேந்து லீவு. நான் சித்தி வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"சித்தி கொண்டாந்து விடுவாங்க."

வைத்துவிட்டாள். முப்பிடாதி போனைக் கீழே வைத்தாள், மனசு எங்கேயோ இருந்தது, விரல் பழக்கத்தில் என்டரைத் தட்டியது. வேர் போடவில்லை. எந்த வரி என்று சொல்லாவிட்டால் எல்லா வரியும் என்று எடுத்துக்கொள்வது மெஷினின் குணம். சின்ன டேபிள் துடைத்து வைத்த சிலேட்டாகி, பெரிய டேபிளில் ஆட்கள் எல்லாரும் அப்படியே இருக்க, அவர்கள் பேருக்கு நேரே இருந்த கட்டங்கள் மட்டும் மேலிருந்து கீழே வரிசையாக வெறுமையாவதை அவள் பார்த்தாள். அதே சமயத்தில் ஜன்னலுக்குக் கீழே, ஆட்டோ ஸ்டாண்டில் "ஏல" என்று யாரோ ஆரம்பித்தது "மச்சான்" வராமல் நின்றுபோனதும் காதில் விழுந்தது.

வழங்கல் அலுவலர் நல்லபெருமாள் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் பேக்கப் எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் அதில் அவருடைய பேத்தியின் காதுகுத்து வீடியோ நிறைந்திருந்தது. இடம் போதவில்லை என்று பழையதை அழித்தவர் அவரேதான். டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, "முப்பிடாதி, வேர் போடாம அழிச்சது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். அவர் டீ குடிக்கப் படி இறங்குவதற்குள் டீக்கடையில் அது தெரிந்திருந்தது. ஆனால் அங்கே தெரிந்தது வேறு வேர். ரேஷன் ஆபீஸ் பிள்ளை வேர் விடாமல் வெட்டிவிட்டாளாம், மேலே வெட்டினால் தழையும், வேர் இல்லாமல் வெட்டினால் எங்கே தழைய என்று ஆளாளுக்கு வருத்தப்பட்டார்கள். மரக்கடைக்காரர் ஒருத்தர், எதற்கும் இருக்கட்டும் என்று, ஆபீஸ் வாசலில் நின்ற வாகைமரத்தடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

கோபப்பட்டார்களா என்றால், முதல் நாள் பட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. முறை சொல்லிக் கூப்பிட வழியில்லை என்றதும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பேர் சொல்லக் கிளம்பினால்தான் தெரிகிறது, யாருக்கும் யார் பேரும் தெரியாது. வடக்குத் தெரு முக்குப் பலசரக்குக் கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கடன் வாங்கியிருந்ததே ஒழிய, அவர் பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். அவர் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்து, "மரியசூசை" என்றார், சொல்லிவிட்டு அவரே அதை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தெருவெல்லாம் "உங்க பேரு என்ன" என்ற கேள்வியாக இருந்தது. பக்கத்து வீட்டில் தலைமுறையாக இருப்பவளிடம் கேட்டார்கள், பால் ஊற்றுகிறவரிடம் கேட்டார்கள், சில வீடுகளில் மாமியாரிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் வெட்கப்பட்டார்கள், சொன்னவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கட்டிய நாளிலிருந்து புருஷனை "அத்தான்" என்று மட்டுமே கூப்பிட்ட வேலம்மை, சந்தைக் கூட்டத்தில் அவர் முன்னால் போய்க்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் "குத்தாலிங்கம்" என்று கூப்பிட்டுவிட்டாள். மனுஷன் அங்கேயே நின்றுவிட்டார். திரும்பி வந்து, "இன்னொரு மட்டம் சொல்லு" என்றார். அவள் காய்கறிப் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் வீட்டில் எதற்கும் ஒரு தடவைக்குத் திரும்புவதில்லை, இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார் என்று பேச்சாகிவிட்டது.

கவுன்சிலர் குடிநீர்த் தொட்டி திறக்க மைக்கைப் பிடித்து, "தாய்மார்களே, பெரியோர்களே" என்று ஆரம்பிக்கப் பார்த்தார், பெரியோர்கள் மட்டும்தான் வந்தார்கள், பெண்கள் பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமன் மச்சான் என்று கழுத்தில் கை போட்டுத் திரிந்த ஆட்டோக்காரர்கள் "சார்" போட்டுப் பேச ஆரம்பித்து, "ஓட்டுங்க சார்", "நீங்க முதல்ல ஓட்டுங்க சார்" என்று வழிவிட்டுக்கொண்டே நின்றதில் பஸ் ஸ்டாண்டில் பாதி நேரம் ஒரு வண்டியும் நகரவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதே கதிதான், கார்டில் பேர் இருந்தால் அமெரிக்காவில் இருந்தாலும் சொல் வராது. ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு ஒரு பக்கமும் ஒன்றும் சொல்லாமல் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தார்கள்.

வள்ளிமயில் வீட்டுக்குப் போன ஆவுடை லீவு முடியுமுன்னே திரும்பி வந்துவிட்டாள். அடுத்த தாலுகாவில் எல்லாருக்கும் எல்லாச் சொல்லும் இருந்தது. "என்னட்டி, என்னைக் கூப்பிட மாட்டேங்கே" என்று வள்ளிமயில் கேட்டுக் கேட்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். ஆவுடை பையை உள்ளே வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும். "இந்தாங்க" என்பது உறவுச்சொல் இல்லை, அது போகவில்லை, அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரே பேரைக் கேட்டுத் திரிந்த நாட்கள் அவை, பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரி கூட அவள் பேரைக் கேட்டிருந்தாள்.

"முப்பிடாதி," என்றாள், "எனக்குப் பசிக்கி. ஏதாவது போடுங்க."

பதினோரு வயசுப் பிள்ளை வாயிலிருந்து தன் பேர் வருவதை முப்பிடாதி முதல்முதலாகக் கேட்டாள். முட்டை தோசை போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே ஆவுடை கேட்டாள், "உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது. எங்க ஊருல ஒரு சாமி பேரு."

"அந்தச் சாமி எப்படி இருக்கும்?"

"கண்ணு பெரிசா இருக்கும். சின்னப் பிள்ளையில எனக்குப் பயம். சாமி பேரை வச்சுக்கிட்டு அந்தச் சாமிக்கே பயந்தேன்."

ஆவுடை சிரித்தாள். அப்புறம் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்ன வயசில் என்ன விளையாடுவீர்கள், எதற்கு கம்ப்யூட்டர் படித்தீர்கள், ஏன் மூக்குத்தி இடது பக்கம், ஏன் உங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லை. இதையெல்லாம் "இந்தாங்க" என்று ஒருத்தியைப் பார்த்துக் கேட்க முடியாது, முப்பிடாதி என்ற ஒருத்தியைப் பார்த்துக் கேட்கலாம் போலிருக்கிறது. பேர் சொன்னாலும் பிள்ளை "ங்க"வை விடவில்லை. "முப்பிடாதி, வாங்க", "முப்பிடாதி, போங்க", பக்கத்து வீட்டில் கேட்டால் "முப்பிடாதி ஆபீஸ் போயிருக்காங்க". நெடுங்கரையில் பெற்றவளை யாரும் "வாங்க" என்பதில்லை, வா, போ, அவ வந்தா, அவ போனா, அவ்வளவுதான். அந்த "ங்க" ஊர்க்காரிக்கு உள்ளது, விருந்தாளிக்கு உள்ளது. அது முப்பிடாதிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள், ஊரையே ஊமையாக்கியவள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஆனாலும் இருந்தாள்.

அப்போதுதான் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து டேட்டாபேஸ் பார்க்கிற ஜெபசிங் போனில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் பதறவில்லை.

"மேடம், அழிச்சது உடனே போயிராது. செத்ததுன்னு ஒரு குறி போட்டு, கிடந்த இடத்துலயே விட்டு வச்சிருக்கும். நம்ம கண்ணுக்குத்தான் காட்டாது. பின்னால பெருக்க ஒருத்தன் வருவான், அதுவும் ஒரு புரோகிராம்தான், அவன் வந்து கூட்டி அள்ளிட்டா அப்புறம் கடவுளாலயும் முடியாது. உங்க மெஷின்ல மாசக் கடைசிலதான் அவன் வர்ற மாதிரி வச்சிருக்கு. அதுக்குள்ள மெஷினை நிறுத்திப் போடுங்க. ஒரு எழுத்துகூட அதுல எழுத விடாதீங்க. நான் வர்றேன்."

"சரி சார்," என்றாள் முப்பிடாதி.

நிறுத்தவில்லை. ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, நிறுத்தவில்லை. சொற்கள் திரும்பி வந்தால் அந்தப் பிள்ளைக்கு அவளுடைய சித்தி திரும்பி வந்துவிடுவாள், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் ஒருத்தருக்கும் இருக்காது, வீட்டில் மறுபடியும் "இந்தாங்க". பெருக்குகிறவன் வந்து பெருக்கிவிட்டுப் போகட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. யார் கெட்டுப் போனார்கள், ஊர் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது. நல்லபெருமாள் சாரிடம் போன் வந்ததைச் சொன்னாள், மெஷினை நிறுத்தச் சொன்னதைச் சொல்லவில்லை. மெஷின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது, மாசம் கடைசியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

இப்படியிருக்கையில் கடைத்தெரு துரை, அதாவது அய்யாத்துரை, செத்துப்போனார். நல்ல சாவுதான், வயசான மனுஷன், காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சொரிமுத்துவுக்கு ஒருவகையில் சொந்தம் என்பதால் முப்பிடாதி மாலை வாங்கிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பியபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. சாவு வீட்டில் சத்தமே இல்லை. உள்ளே நடுவீட்டில் அவரைக் கிடத்தியிருந்தது, சுற்றிப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு உட்கார்ந்திருந்தார்கள், குனிந்து நிமிர்ந்து ஆடினார்கள், வாயைத் திறந்தார்கள், ஒன்றும் வரவில்லை. ஒப்பாரி என்பது என்ன, முறை சொல்லி அழுவதுதானே. முறையை எடுத்துவிட்டால் அதில் ஒரு வரி நிற்காது.

மூத்த மகள் சிவகாமி அழாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பிடாதியைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். திட்டப் போகிறாள் என்று முப்பிடாதி நினைத்தாள்.

"பேரைச் சொல்லி அழுவோம்னு பாத்தேன்," என்றாள் சிவகாமி. "துரைன்னு சொன்னா யாரோ ஒரு ஆளு செத்த மாதிரி இருக்கு. பேரு ஊருக்கெல்லாம் பொது. கடைக்காரனும் சொல்லுவான், போலீஸ்காரனும் சொல்லுவான். எனக்கும் இவருக்கும் மட்டும்னு ஒண்ணு இருந்துதுல்லா, அது எங்கே இருக்கு?"

"இருக்கு," என்றாள் முப்பிடாதி. "கிடந்த இடத்துலயே கிடக்கு." தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அங்கே, அந்தச் சத்தமில்லாத வீட்டில் உட்கார்ந்துதான் அவளுக்கு உறைத்தது. மாலையைப் போட்டுவிட்டு எழுந்தாள், பட்டப்பகல் வெயிலில் ஆபீசுக்கு நடந்தாள், மேஜைக்கு அடியில் குனிந்து மெஷினின் ஒயரைப் பிடுங்கினாள். ஒயர் கையிலேயே இருக்க ஜெபசிங்குக்குப் போன் போட்டாள்.

ஜெபசிங் மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார், லேப்டாப் பையும் சுருள்முடியுமாக, மாப்பிள்ளை மாதிரி ஓர் ஆள். அவருடைய கார்டு வேறு ஊரில். அவர் இறங்கியதும் டீக்கடையில் பழக்கத்தில், "அண்ணே, ஒரு டீ" என்றார். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அப்புறம் ஆபீசுக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். ஒரு கிழவர் பக்கத்தில் நின்ற இளவட்டத்தைக் கைகாட்டி, "மருமகனே"யைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கையில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி எந்தச் சொல் வேண்டும் என்பதையும் சொல்ல முடியாமல் தன்னையும் பிள்ளையையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். ஜெபசிங் புரிந்துகொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா" என்று சொல்லிக் காட்டினார். அந்தப் பிள்ளை அவர் வாயைத் தொட்டுப் பார்த்தது.

வேர் விஷயத்தையும் அவர்தான் தெளிவுபடுத்தினார். அது இங்கிலீஷ் வேர், அதற்கு எங்கே என்று அர்த்தம், எந்த இடத்தில் என்று கேட்கிறது, அவ்வளவுதான் என்றார். மரக்கடைக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், "வேர்னாலே அதுதானே சார்" என்றார், வாகைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

மெஷினின் வயிற்றில் கிடந்ததை முழுக்க முதலில் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேடினார். செத்ததாகக் குறி போட்ட வரிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, பெரிய டேபிளில் வெறுமையான கட்டங்களின் பழைய நம்பர்களும் கிடைத்தன. சொற்களை ஒன்று ஒன்றாகத்தான் ஏற்ற முடியும் என்றதும், எதை முதலில் ஏற்றுவது என்று ஆபீஸ் வாசலில் பெரிய விவாதம். அவரவருக்கு அவரவர் சொல். கடைசியில் யாரும் சொல்லாமலே சிவகாமிக்கு வழிவிட்டார்கள். ஜெபசிங் தட்டினார். வாகைமரத்தடியில் நின்றுகொண்டிருந்த சிவகாமி, "எப்பா" என்றாள். புதைத்து முடித்த மனுஷனைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே தலைவிரித்து, முழு ஒப்பாரியையும் அழுது தீர்த்தாள். சுற்றி நின்ற ஜனம் காத்திருந்தது. அவள் முகத்தைத் துடைத்த பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போனார்கள்.

அம்மா வந்தபோது பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒரே இரைச்சல் வந்தது. மச்சான் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் ஓடத் தொடங்கி உடனே ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. சம்பந்தியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் அவசரமில்லை என்று இரண்டு மூன்று பேர் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தானும் வந்தது, ஆனால் குத்தாலிங்கம் அந்தச் சொல்லுக்குத் திரும்ப மாட்டேன் என்று வீட்டில் தகராறு பண்ணினாராம்.

மத்தியானம் தாண்டி ஜெபசிங் நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாம் வந்துட்டு மேடம். இது ஒண்ணு மட்டும் ரெண்டாக் கிடக்கு. புது ரூல்படி ஒண்ணைத்தான் உள்ள விடும். எதை ஏத்த? எனக்கு ரெண்டும் ஒரே எழுத்தாத்தான் தெரியுது."

முப்பிடாதி பார்த்தாள். மேலே ஒரு சித்தி, கீழே ஒரு சித்தி.

"வேணும்னா ஒண்ணுக்குப் பின்னால நம்பர் போட்டு ஏத்தலாம். சித்தி ரெண்டுன்னு."

"அந்த ரெண்டு ஏற்கனவே எங்க கூடத்தான் இருக்கு சார்," என்றாள். "அதைக் கார்டுல வேற போடணுமா?"

அவர் சங்கடப்பட்டார். அவள் வெளியே போய், கூட்டத்தில் தன்னை மாதிரி வாழ்க்கைப்பட்ட பெண்கள் நின்றதைத் தேடி, ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிக் கேட்டாள். பூரணம் என்றொருத்தி எல்லாருக்குமாகப் பதில் சொன்னாள். "அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்ன ஆளு கம்மி, முதுகுக்குப் பின்னால சொன்ன ஆளுதான் ஜாஸ்தி. எனக்கு வேண்டாம் தாயி. உனக்கு எப்படியோ பாத்துக்க."

தனக்கு எப்படி என்பதுதான் முப்பிடாதிக்குத் தெரியவில்லை. கீழ் வரியை ஏற்றினால் ஆவுடையின் வாயில் அந்தச் சொல் இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு வள்ளிமயிலைக் கூப்பிட முடியாது. கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிட ஓர் ஆள்தான் இருக்கும், அது முப்பிடாதி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அந்தப் பிள்ளை அப்படிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷமும் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கே முழுசாகத் தெரிந்தது. மேல் வரியை ஏற்றினால் பிள்ளைக்கு அவளுடைய சித்தி கிடைத்துவிடுவாள், முப்பிடாதிக்கு முறை என்று ஒன்று எந்த டேபிளிலும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே தட்டுகிறேன் என்றாள். இந்தத் தடவை வேர் போட்டாள், எந்த வரி என்று போட்டாள், மேல் வரி. ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு என்டரைத் தட்டினாள்.

"உங்க பேருக்கு நேரே கட்டம் காலியா இருக்கே," என்றார் ஜெபசிங்.

"இருக்கட்டும் சார்."

மெஷினை மூடிவிட்டுக் கிளம்பும்போது மறுபடி சாரல் பிடித்துக்கொண்டது. குடை எடுத்து வரவில்லை. நனைந்துகொண்டே நடந்தாள். தெருவெல்லாம் அண்ணே, அக்கா, மதினி, ஏல மாப்ளே என்று சத்தம், தாலுகா முழுக்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுத் தீர்க்க முடியாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளை ஒரு கிழவி "யம்மாடி, மழையில நனையாதே" என்றாள். கண் நிறைந்துவிட்டது, மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஆவுடையின் குரல் கேட்டது. போனில் வள்ளிமயில். "சித்தி, கேக்குதா சித்தி? வந்துட்டு சித்தி. மத்தியானமே வந்துட்டு, உங்களுக்குத்தான் லைன் கிடைக்கல சித்தி." வாய்க்கு வாய் சித்தி. அந்தப் பக்கம் வள்ளிமயில் அழுவதும் சிரிப்பதும் வெளியே வரைக்கும் கேட்டது. பிள்ளை இவ்வளவு நிறைந்த குரலில் பேசி முப்பிடாதி கேட்டதில்லை. இதற்காகத்தானே செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்ன பிறகும் நெஞ்சு எரிந்தது, அதை ஒன்றும் பண்ண முடியவில்லை. பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று சத்தம் போடாமல் சுவரோரமாக அடுப்படிக்குப் போனாள். ஆவுடை திரும்பிப் பார்த்தாள், போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் வள்ளிமயில் ஏதோ கேட்டாள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"முப்பிடாதி இருக்கா சித்தி," என்றாள் ஆவுடை. "இப்பத்தான் வந்தா. தொப்பலா நனைஞ்சிட்டு வந்திருக்கா, தலையைக்கூடத் துவட்டாம நிக்கா. நான் வச்சிரட்டுமா, அவளுக்குக் காப்பி போடணும்."